காத்திருக்கச் சொன்ன தாள்

தாள் காத்திருக்கச் சொன்னது. அவரும் காத்திருந்தார்.

சனிக்கிழமை, வேலைக்குப் போக வேண்டாத நாள். காலை ஏழு மணிக்கெல்லாம் கணினியைத் திறந்து, மின்னஞ்சலில் வந்திருந்த கோப்பின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்து இரண்டு தட்டு தட்டினார். வெள்ளையாக ஒரு பக்கம் வந்து நின்றது. நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே எறும்பு சைஸில் இரண்டு வரி. பெரிய வரியை மட்டும் கூட்டிப் படித்தார். தயவுசெய்து காத்திருக்கவும். சரி என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

வேறு யாராவது என்றால் ஐந்து நிமிஷத்தில் சலித்துப்போய் மூடியிருப்பார்கள். இவர் நாற்பத்தெட்டு வயதில், சங்கக் கட்டடத்து மாடியில் நடந்த வகுப்பில் எழுத்து கற்றவர். அதற்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் குளிர்கிடங்கில் பெட்டி சுமந்தபோது, சுவரில் எழுதியிருந்ததெல்லாம் அவருக்கு வெறும் பெயிண்ட். எழுத்து தெரிந்த பிறகுதான் அவை ஒவ்வொன்றும் உத்தரவு என்று புரிந்தது. தொடாதே. இந்தப் பக்கம் மேலே. நான்கு அடுக்குக்கு மேல் வேண்டாம். எழுத்து சொன்னால் கேட்க வேண்டும், கேட்காதவன் கை நசுங்கும். அதனால் காத்திருந்தார், ஒன்பதே முக்கால் வரைக்கும்.

கிடங்கில் அவருக்கு எழுத்துக்கூட்டி என்று பெயர். ஒவ்வொரு பெட்டியின் சீட்டையும் உதடு அசையப் படித்த பிறகுதான் தூக்குவார் என்று கூட வேலை பார்த்தவர்கள் வைத்தது. வைத்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் நிரந்தரமாகிவிட்டது.

மனைவி துவைத்த துணியோடு அறைக்குள் வந்தாள். முதலில் பார்த்தபோது எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியேதான் இருந்தார்.

"யாருக்காகங்க இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

"தாள் வரணும்."

"பஸ்ஸுல வருதா?"

அவள் ஒரு சட்டையை உதறிக்கொண்டே திரையைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒரு சாமான் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். இது நின்னு போச்சு, மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனாள்.

மாப்பிள்ளையைக் கூப்பிட அவருக்கு மனசில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அந்தத் தாளில் இருக்க வேண்டியது ஒரு விபத்தின் அறிக்கை. பதினொரு நாளைக்கு முன்னால், கிடங்கின் மூன்றாம் கதவுக்கு எதிரே பெட்டி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வழுக்கிக்கொண்டுபோய்க் கதவுச் சட்டத்தில் மோதியது. மேலிருந்த அடுக்கு சரிந்து விழுந்தது. ஓட்டியவருக்குக் கணுக்கால் எலும்பு முறிந்து, இப்போது மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறார். ஓட்டியவர் வேற்றாள் இல்லை. எழுத்துக்கூட்டியின் சம்பந்தி, மகளைக் கொடுத்திருக்கும் வீட்டுப் பெரியவர். பக்கத்தில் நின்று பார்த்த ஒரே சாட்சி எழுத்துக்கூட்டி.

ஓட்டியவர்மேல் தப்பு என்று அறிக்கை சொன்னால் சம்பந்தியின் ஓட்டுநர் அட்டை போய்விடும். அறுபதை எட்டப்போகிற வயதில் போனது திரும்பி வராது. இதுதான் எல்லோருக்கும் தெரிந்த பாதி.

தெரியாத பாதி எழுத்துக்கூட்டியின் வயிற்றுக்குள் இருந்தது. மூன்றாம் கதவின் ரப்பர் கிழிந்து, அங்கே எப்போதும் தண்ணீர் கசியும். தண்ணீர் நின்றால், தரை வழுக்கும் என்று எச்சரிக்கிற மஞ்சள் பலகையை வைக்க வேண்டும். அன்றைக்கு அந்த வேலை அவருடையது. பலகையை எடுத்து வந்தார். ஆனால் தரையில் வைக்கவில்லை. கதவு தானாகச் சாத்திக்கொள்கிற ரகம், இரண்டு கையிலும் பெட்டி இருந்தால் முதுகிலேயே வந்து இடிக்கும். அதனால் பலகையை மடக்கிக் கதவுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். அங்கே எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் அன்றைக்குச் செய்தவர் அவர். வண்டி மோதிய சத்தம் அடங்குவதற்குள் பலகையை உருவிச் சுவரோரம் சாத்தியதும் அவர்தான். சம்பந்தி அதைப் பார்த்தாரா இல்லையா என்பது பதினொரு நாளாக விடை தெரியாத கேள்வி. வலியில் கண்ணை மூடியிருந்தார். எப்போது மூடினார், முன்னாலா பின்னாலா?

பாதுகாப்பு அதிகாரி, சாப்பாட்டு அறையில்கூடத் தலைக்கவசத்தைக் கழற்றாதவர், கையில் டேப்லெட் கணினியோடு வந்து விசாரித்தார். தரை எப்படி இருந்தது என்று கேட்டார். எப்பவும் போலத்தான் என்றார் எழுத்துக்கூட்டி. அதிகாரி ஏதோ தட்டிக்கொண்டார். கடைசியில் சம்மதத்துக்கு அடையாளமாக அதன் கண்ணாடித் திரையில் விரலை வைக்கச் சொன்னபோது, படித்த பிறகுதான் என்றார் இவர். பெட்டி ஒன்று வாய் திறந்து பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார் அதிகாரி. பிறகு, மின்னஞ்சலில் அனுப்புவதாகவும், படித்துப் பார்த்துச் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

"வரலைன்னா, உள்ள இருக்கிறது எல்லாத்துக்கும் உங்களுக்குச் சம்மதம்னு எடுத்துக்குவோம்."

ஒரு மணிக்கு மேல் சும்மா இருந்தால் சம்மதம். வந்த தாளோ சும்மா இருக்கச் சொல்கிறது. எழுத்துக்கூட்டி இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். தலைக்கவசம் கெட்டிக்காரர்தான். ஓர் ஆளை ஏமாற்றுவதற்குக் கூட்டமும் கூச்சலும் எதற்கு? காத்திருக்கச் சொன்னால் போதும்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

*

மாப்பிள்ளைக்குக் கணினி பழுது பார்க்கிற கடையில் வேலை. இந்தக் கணினியே அவர் கொடுத்ததுதான். கடையில் வேண்டாம் என்று ஒதுக்கிய மூன்று கணினிகளைப் பிரித்து ஒன்றாக்கி, அதற்குள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அது இலவசம், யாருக்கும் சொந்தமில்லை, உலகத்தில் பல பேர் சேர்ந்து எழுதிக் கொடுப்பது என்று அன்றைக்கு விளக்கினார். எழுத்துக்கூட்டி கேட்டுக்கொண்டார். சும்மா கொடுக்கிறவன் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போகிறான் என்ற யோசனை மட்டும் இன்றுவரை தீரவில்லை.

பத்தரைக்கு வந்தார் மாப்பிள்ளை. திரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"மாமா, நீங்க அடுத்த வருஷம் வரைக்கும் உட்கார்ந்தாலும் இது இதையேதான் சொல்லும்."

"அப்ப எதுக்குக் காத்திருக்கச் சொல்லுது?"

அதற்கு மாப்பிள்ளை நீளமாகவே சொன்னார். இது சாதாரண பிடிஎஃப் இல்லை. உள்ளே படிவம் இருக்கிறது, அதைத் திறக்க ஒரு கம்பெனியின் வாசிப்பு மென்பொருள்தான் வேண்டும். மற்ற மென்பொருள்களுக்கு மேலுறை மட்டும் தெரியும், அந்த மேலுறையில் அச்சடித்ததுதான் இந்த வரி. அந்தக் கம்பெனியோ லினக்ஸுக்குச் செய்வதை எத்தனையோ வருஷத்துக்கு முன்பே நிறுத்திவிட்டது. கீழே எறும்பு எழுத்தில் இருப்பதும் அதுதான், இந்த வரி மாறவில்லை என்றால் வேறு மென்பொருள் தேடு என்பது. எழுத்துக்கூட்டி குனிந்து அந்த இரண்டு வரியையும் படித்தார். ஆமாம், அப்படித்தான் எழுதியிருந்தது. உத்தரவைப் பெரிதாகவும் உண்மையைச் சின்னதாகவும் எழுதியிருந்தார்கள்.

அப்போதுதான் மாப்பிள்ளை அந்தப் பேச்சை எடுத்தார்.

"விடுங்க மாமா. கடையில வேற மெஷின் இருக்கு. நான் அங்க திறந்து, உங்க பேருக்கு ஒரு கையெழுத்தை வச்சு அனுப்பிடறேன். பத்து நிமிஷ வேலை."

சொன்னது சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லும்போது மாப்பிள்ளை அவரைப் பார்க்கவில்லை, மவுஸின் வயரைப் பார்த்தார். எழுத்துக்கூட்டிக்கு மனசுக்குள் ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. கடையில் திறக்க முடியும் என்றால், ஏற்கெனவே திறந்து பார்த்திருக்கலாம். அப்பாவுக்கும் இதே தாள் போயிருக்கும். மகன்தான் படித்துக் காட்டியிருப்பான். அதில் மஞ்சள் பலகை இருக்கிறது. சம்பந்தி பார்த்துவிட்டார், சொல்லிவிட்டார். அதைப் படிக்காமலே என் கையெழுத்து விழவேண்டும் என்று அப்பாவும் பிள்ளையும் பார்க்கிறார்கள்.

"திறந்தா இங்கதான் மாப்பிள்ளை," என்றார். "என் கண்ணு முன்னாடி."

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்தார்.

*

அந்தக் கறுப்பு ஜன்னல் எழுத்துக்கூட்டிக்குப் பிடிக்கவில்லை. படம் இல்லை, பொத்தான் இல்லை, வெள்ளை எழுத்து மட்டும் மளமளவென்று மேலே ஓடியது. அதுவும் ஆங்கிலத்தில். பெட்டிச் சீட்டுகளில் பார்த்துப் பார்த்து அந்த எழுத்துகளின் உருவம் தெரியும், சத்தம் தெரியாது. எண்கள் மட்டும்தான் தெரிந்த முகங்கள்.

பழைய மென்பொருளின் கடைசிப் பதிப்பு எங்கோ ஓர் இணையப் பக்கத்தில் கிடக்கிறது, அதை இறக்கலாம் என்றார் மாப்பிள்ளை. இறங்கத் தொடங்கியது. நடுவில் இணையம் ஒருமுறை போய்வந்தது. இறங்கி முடிந்ததும் மாப்பிள்ளை ஏதோ ஒரு வரி அடித்தார், பிறகு விசைப்பலகையை மாமனார் பக்கம் நகர்த்தினார்.

"கடவுச்சொல் போடுங்க மாமா."

"எதுக்கு?"

"புதுசா ஒண்ணை உள்ள விடணும்னா வீட்டுக்காரர் சரின்னு சொல்லணும். இது உங்க மெஷின், நீங்கதான் வீட்டுக்காரர்."

எழுத்துக்கூட்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து விசைப்பலகையின்மேல் போர்த்தி, அதற்கடியில் கையை விட்டு ஒரு விரலால் தேடித் தேடி அடித்தார். அவர் முதன்முதலாகத் தானே படித்த பெட்டியின் எண் அது. மாப்பிள்ளை மரியாதையாகச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அடித்துவிட்டு நிமிர்ந்தால் திரையில் ஒன்றுமே இல்லை. ஒரு புள்ளிகூட விழவில்லை.

"வாங்கிக்கிச்சு மாமா. காட்டாது, அவ்வளவுதான்."

வாங்கிக்கொள்ளுமாம், காட்டாதாம். எழுத்துக்கூட்டி மனைவியைப் பார்த்தார். அவள் வாசலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் தடை, எண் பொருந்தவில்லை. கணினி அறுபத்துநாலு ரகம், மென்பொருள் முப்பத்திரண்டு ரகம். பழைய ரகத்தையும் ஏற்றுக்கொள் என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். சொன்னார். அடுத்த தடை, அந்தப் பழைய மென்பொருள் தனியாக வராது, அதற்குப் பழைய துணை ஆட்கள் ஏழெட்டுப் பேர் வேண்டும். அந்தக் கோப்புகளையும் ஒவ்வொன்றாக இறக்கினார். இதற்கு நடுவே மாப்பிள்ளையின் கைபேசி மூன்று தடவை அதிர்ந்தது. மூன்று தடவையும் பால்கனிக்கு எழுந்துபோய், கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டு வந்தார். வருவதற்குள் கணினி மறந்துபோய்த் திரும்பவும் கடவுச்சொல் கேட்டது. திரும்பவும் துண்டு, திரும்பவும் ஒரு விரல்.

மூன்றாம் தடவை மாப்பிள்ளை வெளியே போனபோது மனைவி பால்கனிக் கதவோரம் நின்று கேட்டுவிட்டுக் கிட்டத்தில் வந்து, அவங்க அப்பாகிட்டதான் பேசறார், 'நீங்க கவலைப்படாதீங்க அப்பா, இது திறக்காது'ன்னு சொன்னார் என்று காதோடு சொன்னாள்.

எழுத்துக்கூட்டிக்குப் புரிந்துபோனது. திறக்காது என்று அங்கே வாக்குக் கொடுத்துவிட்டு, இங்கே திறக்கிற மாதிரி நடிப்பு. பேச வேண்டிய நேரம் வரும்.

பதினொன்று நாற்பதுக்கு மாப்பிள்ளை கடைசி வரியை அடித்தார். எழுத்து ஓடியது, பாதியில் நின்றது. சிவப்பாக ஒரு வார்த்தை வந்தது. இன்னொரு முறை அடித்தார். அதே இடத்தில் அதே சிவப்பு.

"ஆகாது மாமா. ரொம்பப் பழசு. இந்த மெஷின் ஏத்துக்கல."

"என்ன சொல்லுது அது?"

"கோப்பு திடீர்னு முடிஞ்சுபோச்சாம்."

எழுத்துக்கூட்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். ஏத்துக்கல என்பது வேறு, முடிஞ்சுபோச்சு என்பது வேறு. இறக்குகிற இடத்தில் நாற்பது பெட்டி என்று சீட்டு சொல்லி முப்பத்தொன்பது வந்தால், கிடங்கு ஏற்றுக்கொள்ளவில்லை என்றா சொல்வார்கள்? வழியில் என்ன ஆனது என்று கேட்பார்கள்.

"இதுக்குச் சீட்டு இருக்கா மாப்பிள்ளை? அவங்க எவ்வளவு அனுப்பினாங்க, நமக்கு எவ்வளவு வந்ததுன்னு?"

"அளவு போட்டிருக்கும். பார்த்துட்டேன், சரியாத்தான் இருக்கு. அறுபது எம்பி."

"எனக்குக் காட்டுங்க. ரெண்டையும்."

மாப்பிள்ளை ஒரு பெருமூச்சோடு ஒரு பக்கத்தையும் ஒரு வரியையும் அருகருகே கொண்டுவந்து வைத்தார். இரண்டு எண்கள், எட்டு எட்டு இலக்கம். எழுத்துக்கூட்டி ஒரு விரலை இடது எண்ணிலும் ஒரு விரலை வலது எண்ணிலும் வைத்தார். உதடு அசைந்தது. முப்பத்திரண்டு வருஷமாக, எழுத்து தெரியாத காலத்திலேயே, அவர் செய்து வந்த வேலை இது ஒன்றுதான். அர்த்தம் வேண்டாம், உருவம் ஒத்துப்போகிறதா, அவ்வளவுதான். ஆறும் ஆறும். சைபரும் சைபரும். இரண்டும் இரண்டும். ஐந்தும் ஐந்தும். எட்டும்…

"எட்டு," என்றார். "இங்க ஒண்ணு."

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். காது மடல் சிவந்தது.

"நான் முன்னாடி இருக்கிற ரெண்டை மட்டும்தான் பார்த்தேன் மாமா. நடுவுல நெட் போச்சில்ல, கடைசித் துண்டு வரவே இல்லை."

"பார்க்காம விட்டீங்களா, பார்த்துட்டு விட்டீங்களா?"

மாப்பிள்ளை நிமிர்ந்தார். முதல் தடவையாக மாமனாரின் கண்ணைப் பார்த்தார். மாப்பிள்ளையின் பார்வையில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. வாசலில் வெங்காயம் உரிக்கிற சத்தமும் நின்றுவிட்டது.

"பார்க்காமதான் விட்டேன். ஆனா, திறக்கலைன்னா நல்லதுன்னு நினைச்சேன். அது உண்மை."

ஏன் என்று கேட்டால் பலகை வெளியே வரும். மறுபடி இறக்குங்க என்று மட்டும் சொன்னார் எழுத்துக்கூட்டி. இந்த முறை கோப்பு இறங்கி முடியும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. இறங்கியதும் எட்டு இலக்கத்தையும் மாப்பிள்ளையே விரல் வைத்துச் சத்தமாகப் படித்தார். எட்டும் ஒத்துப்போயின. துண்டு, கடவுச்சொல், கடைசி வரி. எழுத்து ஓடியது, நிற்காமல் ஓடியது.

*

பன்னிரண்டு ஐந்துக்குத் தாள் திறந்தது. வெள்ளைப் பக்கம் ஒரு தரம் சிமிட்டியது, காத்திருக்கச் சொன்ன வரி போன இடம் தெரியவில்லை. கட்டம் கட்டமாகப் படிவம் வந்து உட்கார்ந்தது. ஆனால் எழுத்துகள் விசித்திரமாக இருந்தன. பழைய மென்பொருளுக்குத் தமிழ் சரியாகச் சேர்க்கத் தெரியவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் தள்ளி நின்றது. மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கித் தடுமாறினார். எழுத்துக்கூட்டிக்கு ஒரு சிரமமும் இல்லை. அவர் படிப்பதே அப்படித்தான்.

முதல் கட்டம் ஓட்டுநரின் வாக்குமூலம். பலகை என்ற சொல் எங்கே என்று தேடிக்கொண்டேதான் படித்தார். மூன்றாவது வரியிலேயே கிடைத்தது.

'தரை உலர்ந்திருந்தது. ஆகவே எச்சரிக்கைப் பலகை தேவைப்படவில்லை. நான் வேகமாகத் திரும்பியதே விபத்துக்குக் காரணம்.'

இரண்டாம் முறை படித்தார். மூன்றாம் முறையும் படித்தார். எழுத்து மாறவில்லை. விரல் வைத்து முதலிலிருந்து வந்தார். அப்போதும் அதுவேதான்.

"வேகமாவா?" என்றார். "உங்க அப்பாவா?"

கிடங்கில் சம்பந்தியின் பெயர் நத்தை. அவர் ஓட்டுகிற வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஒரு தூக்கம் போட்டுவிடலாம் என்பார்கள். மாப்பிள்ளையின் வாயோரம் ஒரு சிரிப்பு வந்து, நிற்காமல் போய்விட்டது. மெதுவாகச் சொன்னார்.

"அப்பா பார்த்தார் மாமா. நீங்க பலகையை உருவினதை. அன்னைக்கு ராத்திரியே எங்கிட்ட சொன்னார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான், அவருக்கு அஞ்சு வருஷம் இருக்கு, ரெண்டு பேர்ல ஒருத்தர் போனாப் போதும்னார். நீங்க படிச்சா ஒத்துக்க மாட்டீங்கன்னுதான், படிக்க விடாதேன்னு…"

எழுத்துக்கூட்டி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காலையிலிருந்து அந்தக் கறுப்பு ஜன்னலைச் சந்தேகப்பட்டார், இலவசத்தைச் சந்தேகப்பட்டார், தலைக்கவசத்தை, மாப்பிள்ளையை, சம்பந்தியை, காத்திருக்கச் சொன்ன வரியை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தி விசாரித்தாயிற்று. மிச்சம் நிற்கிற ஆள் ஒருவர்தான்.

பின்னால் மனைவி அசையவில்லை. பலகை என்றால் என்ன என்று அவளும் கேட்கவில்லை. பதினொரு நாளாக அவர் சாப்பிடுகிற சாப்பாட்டின் அளவைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்.

இரண்டாம் கட்டம் சாட்சியினுடையது. தரையின் நிலை என்று போட்டு, பக்கத்தில் உலர்ந்தது என்று ஏற்கெனவே நிரப்பியிருந்தது. ஓரத்தில் கீழ்நோக்கிய சின்ன அம்பு. அதைத் தொடலாமா என்று கேட்டார். தொடலாம், உங்க கட்டம்தானே என்றார் மாப்பிள்ளை. தொட்டதும் அதற்குள்ளிருந்து சொற்கள் வரிசையாகக் கீழே தொங்கின. உலர்ந்தது. ஈரம். எண்ணெய். தெரியவில்லை. தலைக்கவசம் இவர்மேல் வன்மம் வைத்து எதையும் எழுதவில்லை, வரிசையில் முதலில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எப்பவும் போல என்று சொன்னால் அவர் வேறு என்னத்தைத் தட்டுவார்?

தெரியவில்லை என்ற சொல்லின்மேல் அம்பு கொஞ்ச நேரம் நின்றது. அது நல்ல சொல். யாருக்கும் கெடுதல் இல்லை. சம்பந்தியின் அட்டையை மட்டும் காப்பாற்றாது.

ஈரம் என்பதைத் தட்டினார்.

படிவம் வளர்ந்தது. இல்லாத இடத்தில் புதிதாக மூன்று கட்டங்கள் முளைத்தன. ஈரத்துக்குக் காரணம் என்ன? எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட்டிருந்ததா? வைக்க வேண்டியவர் யார்?

"மாமா, கொஞ்சம் யோசிச்சுக்கோங்க," என்றார் மாப்பிள்ளை. "இன்னும் நேரம் இருக்கு."

"எனக்கு இல்லை. நான் அடிக்கிற வேகத்துக்கு ஒரு மணி பத்தாது."

அடித்தார். மாப்பிள்ளை அடித்துத் தருவதாகச் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். மூன்றாம் கதவின் ரப்பர் கிழிந்திருப்பதையும், போன குளிர்காலத்திலிருந்து இரண்டு தடவை சொல்லியும் மாற்றவில்லை என்பதையும் அடித்தார். எழுத்துகள் திரையில் பிய்ந்து பிய்ந்து விழுந்தன, கொம்பு தனி, கால் தனி. நான்கு வரிக்கு இருபது நிமிஷம் ஆனது. அடுத்த கட்டத்தில், பலகை தரையில் இல்லை, கதவு முதுகில் இடிக்கும் என்பதால் அதற்கு முட்டுக் கொடுத்திருந்தது, விபத்துக்குப் பிறகு எடுத்துச் சுவரில் சாத்தப்பட்டது என்று அடித்தார். கொடுத்திருந்தது, சாத்தப்பட்டது. படித்துப் பார்த்தார். பலகை தானே நடந்துபோய் முட்டுக் கொடுத்துத் தானே திரும்பிவந்த மாதிரி இருந்தது. பின்னால் போய் அழித்துவிட்டு, கொடுத்தேன், சாத்தினேன் என்று அடித்தார். கடைசிக் கட்டத்துக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. அதற்கு வேண்டியது இரண்டே எழுத்து. நான்.

மனைவி அப்போதுதான் பேசினாள். "எழுதியாச்சா?"

"ஆச்சு."

"அப்ப வந்து சாப்பிடுங்க," என்றாள். போகவில்லை, அங்கேயே நின்றாள்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு, எழுத்துக்கூட்டியின் கையெழுத்தோடு கோப்பை அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றினார்கள். சக்கரம் ஒன்று சுற்றியது. கிடைத்தது என்று ஒரு வரியும், அதற்கடியில் நீளமாக ஒரு ரசீது எண்ணும் வந்தன. மாப்பிள்ளையின் கைபேசி மேசைமேல் அதிர்ந்தது. அப்பா என்று காட்டியது. அவர் மாமனாரைப் பார்த்தார்.

"என்னன்னு சொல்லட்டும் மாமா?"

"திறந்துடுச்சுன்னு சொல்லுங்க," என்றார் எழுத்துக்கூட்டி. "வேகமாத் திரும்பினேன்னு எழுதினதை நாலு பேர் படிச்சா கிடங்கே சிரிக்கும்னும் சொல்லுங்க. மத்ததைச் சாயங்காலம் நான் நேர்ல வந்து சொல்லிக்கறேன்."

மாப்பிள்ளை பேச எழுந்தார். அவர் கையை எழுத்துக்கூட்டி பிடித்து நிறுத்தினார். முதலில் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும், திங்கட்கிழமை கேட்டால் காட்ட வேண்டும். கைபேசி அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. எழுத்துக்கூட்டி பென்சிலால் பதினான்கு இலக்கத்தையும் எழுதினார். எழுதிய தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை ஒரு விரலைத் திரையிலும் ஒரு விரலைத் தாளிலும் வைத்து, முதல் இலக்கத்திலிருந்து தொடங்கினார்.